நீலகிரியில் ஒளிந்திருந்த இரண்டு நோய்கள்

ஒன்று கோதுமைக்கு, மற்றொன்று மனிதனுக்கு!

ஊட்டி என்றதும் என்ன ஞாபகம் வருகிறது?

ஏரி, படகு, மலர்க் கண்காட்சி, தேயிலைத் தோட்டம். உடம்பு தேற வேண்டுமானால் ஊட்டிக்குப் போங்கள் என்று டாக்டர்கள் சொன்ன காலமும் உண்டு.

அந்த நீலகிரி மலையில் இரண்டு நோய்கள் நெடுங்காலமாக ஒளிந்திருந்தன. ஒன்று கோதுமைப் பயிரைத் தாக்கும் நோய். மற்றொன்று மனிதனுடைய ரத்தத்தில் குடியிருக்கும் நோய். முதல் நோயின் இருப்பிடத்தை ஆக்ராவைச் சேர்ந்த ஒரு பேராசிரியர் கண்டுபிடித்தார். இரண்டாவதை இங்கிலாந்தில் வேலை பார்த்த இரண்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். இருவகை ஆராய்ச்சியும் கடைசியில் ஒரே இடத்தில்தான் போய் நின்றது. தாய் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கும், விதையிலிருந்து செடிக்கும் இறங்கும் 'ஜீன்' என்ற நுண்பொருள்தான் அந்த இடம்.

செங்கல் பொடி

கோதுமைக்கு ஒரு கொடிய எதிரி உண்டு. பெயர் துரு நோய்.

பச்சைப் பசேல் என்று நிற்கும் பயிரின் தாளில் முதலில் சின்னச் சின்னப் புள்ளிகள் தோன்றும். அவை வெடித்துப் புண்ணாகும். விரலால் தடவினால் செங்கல் பொடி மாதிரி ஒட்டிக்கொள்ளும். நாளானால் அந்தப் புண்கள் கறுத்துவிடும். அதனால் இதற்குக் கருந்துரு என்றும் பெயர்.

அது பொடி அல்ல. காளான் இனத்தைச் சேர்ந்த ஒரு பூசணத்தின் வித்து. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. காற்று அடித்தால் பறக்கும். ஈரம் பட்டால் முளைக்கும். செடிக்குள் வேர் விட்டு, கதிருக்குப் போக வேண்டிய சத்தை வழியிலேயே உறிஞ்சிவிடும். அறுத்து அடித்துப் பார்த்தால் களத்தில் கிடப்பது கோதுமை அல்ல, சுருங்கிப்போன பதர்!

1946-47-ம் ஆண்டில் மத்திய இந்தியாவில் இந்தத் துரு பெருவாரியாகப் பரவியது. வங்காளப் பஞ்சம் முடிந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. நாடு சுதந்திரம் பெறும் தறுவாயில் இருந்தது. ரேஷன் அரிசிக்கும் கோதுமைக்கும் மக்கள் வரிசையில் நின்ற அந்த நேரத்தில், விளைந்த வயல் கண் முன்னே காய்ந்தது.

விஞ்ஞானிகளைக் குழப்பிய கேள்வி ஒன்று இருந்தது. வடநாட்டுச் சமவெளியில் பங்குனி, சித்திரையில் கோதுமை அறுவடை முடிந்துவிடும். அதற்குப் பிறகு வயலில் பயிர் கிடையாது. மே, ஜூன் மாத வெயிலில் துருவின் வித்து பிழைத்திருக்க முடியாது. அப்படியானால் அடுத்த வருஷம் விதைக்கிற புதுப் பயிருக்கு நோய் எங்கிருந்து வருகிறது?

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதற்குப் பதில் தெரிந்திருந்தது. அங்கே பார்பெரி என்ற முட்செடி இருக்கிறது. கோதுமை இல்லாத காலத்தில் துரு அதில் தங்கும். இந்தியாவிலும் இமயமலைப் பக்கம் பார்பெரி உண்டு. ஆகையால் இங்கும் அதுதான் காரணம் என்று பலர் நினைத்தார்கள்.

ஆக்ரா கல்லூரிப் பேராசிரியர் காரம் சந்த் மேத்தா அப்படி நினைக்கவில்லை. அவர் தாவர நூல் படித்தவர். நோயைத் தேடி வருஷக்கணக்கில் மலை மலையாக ஆராய்ந்தார். பசை தடவிய கண்ணாடித் தகடுகளைக் காற்றில் வைத்து, அதில் துருவின் வித்து வந்து ஒட்டுகிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்த்தார். கடைசியில் குற்றவாளியின் இருப்பிடம் தெரிந்தது.

குளிர்ந்த மலைகள்தாம் அந்த இடம்! வடக்கே இமயமலை. தெற்கே நம்முடைய நீலகிரியும் பழனி மலையும்.

இந்த மலைகளில் கோடையும் குளிர்ச்சியாக இருக்கிறது. வருஷம் முழுவதும் எங்கேயாவது ஒரு கோதுமைப் பயிர் நிற்கும். அறுவடைக்குத் தப்பிய தானாக முளைத்த செடிகளும் உண்டு. ஒரு செடியிலிருந்து மற்றொரு செடிக்குத் தாவித் துரு அங்கேயே உயிர் பிழைத்துக்கொள்கிறது. காற்று வாய்த்தால் சமவெளிக்குப் பயணப்படுகிறது.

எந்தக் காற்று? இதற்கு 1970-களில் விடை கிடைத்தது. நாகராஜன் முதலிய விஞ்ஞானிகள் செயற்கைச் சந்திரன் எடுத்த மேகப் படங்களை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். நவம்பர் மாதம் வங்கக் கடலில் புயல் உண்டாகிறது அல்லவா? அந்தப் புயல் ஒரு குறிப்பிட்ட பாதையில் போனால், நீலகிரித் துரு மேலே கிளம்பி, நூற்றுக்கணக்கான மைல் தாண்டி, மழையோடு மழையாக மத்திய இந்திய வயல்களில் இறங்குகிறது! சென்னையில் குடை பிடித்து நடக்கிறவருக்கு, தம் தலைக்கு மேலே போகிற மேகம் யாருடைய ரொட்டிக்கு உலை வைக்கிறது என்று எப்படித் தெரியும்?

எதிரியின் வீட்டிலேயே பாசறை

நோய் ஒளிந்திருக்கும் இடம் தெரிந்துவிட்டது. என்ன செய்வது?

கெட்டிக்காரத்தனமான ஒரு காரியம் செய்தார்கள். குன்னூருக்கு அருகில் உள்ள வெலிங்டனில் 1954-ம் ஆண்டு ஒரு கோதுமை ஆராய்ச்சி நிலையத்தை ஆரம்பித்தார்கள். டில்லியில் உள்ள இந்திய விவசாய ஆராய்ச்சிக் கழகத்தின் கிளை அது. 'வெலிங்டனா? அங்கே பட்டாளம்தானே இருக்கிறது?' என்று கேட்பவர்கள் உண்டு. பட்டாளத்துக்குப் பக்கத்திலேயே இந்தப் போரும் நடக்கிறது.

வடநாட்டில் கோதுமை விளையாத கோடை காலத்தில் நாட்டின் பல பாகங்களிலிருந்தும் விதைகள் இங்கே வருகின்றன. அவற்றை விதைக்கிறார்கள். மருந்து அடிப்பதில்லை. நோய் வரட்டும் என்று காத்திருக்கிறார்கள்! துருப் பிடித்த செடி தள்ளப்படுகிறது. அதன் நடுவே துருப் பிடிக்காமல் நிற்கிற செடிக்குத்தான் மரியாதை. அதன் மகரந்தத்தை எடுத்து, நல்ல விளைச்சல் தரும் வேறு ரகத்தோடு சேர்க்கிறார்கள். கோதுமையின் தூரத்து உறவான ஒரு புல்லில் இருந்த துரு எதிர்ப்பு ஜீனைக்கூட இப்படிக் கலப்பினால் கோதுமைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள்.

நோய் எதிர்ப்பு என்பது விதை வழியாக இறங்கும் சொத்து என்பதை முதலில் நிரூபித்தவர் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பிஃபன். 1905-ல், மஞ்சள் துருவை எதிர்க்கும் குணம் கோதுமையில் ஒரு கணக்குப்படி இறங்குகிறது என்று காட்டினார். பட்டாணிச் செடியை வைத்து மெண்டல் பாதிரியார் 1865-ல் போட்ட அதே கணக்கு!

இதில் ஒரு சங்கடம் உண்டு. ஜீன் கோதுமைக்கு மட்டுமா இருக்கிறது? துருவுக்கும் இருக்கிறது. அமெரிக்காவில் வடக்கு டகோட்டாவைச் சேர்ந்த ஃபிளோர் என்பவர் ஆளி விதைச் செடியின் துருவை ஆராய்ந்து, 1940-களில் இதைக் கண்டுபிடித்தார். செடி ஒரு பூட்டுப் போட்டால், பூசணம் ஒரு சாவி செய்துகொள்கிறது. வேறு பூட்டுப் போட்டால் வேறு சாவி. கருந்துருவுக்கு எதிராக இதுவரை 60-க்கும் மேற்பட்ட ஜீன்கள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. ஆனாலும் 1999-ல் ஆப்பிரிக்காவில் உகாண்டா நாட்டில் ஒரு புதுத் துரு கிளம்பி, உலகம் முழுவதும் நம்பியிருந்த ஒரு பூட்டைத் திறந்துவிட்டது. 2007-ல் அது ஈரான் வரை வந்தது. அதனால் வெலிங்டனில் வேலை ஓயவில்லை.

கோதுமைக்காரருக்கு ஒரு வசதி இருக்கிறது. நோய் கண்ட செடியைப் பிடுங்கி எறிந்துவிடலாம். நல்ல செடிக்கும் நல்ல செடிக்கும் கல்யாணம் பண்ணி வைக்கலாம். யாரும் அழமாட்டார்கள்.

மனிதனிடம் இது நடக்குமா?

அரிவாள் மாதிரி அணு

1904-ம் ஆண்டு டிசம்பர் மாதம். அமெரிக்காவில் சிகாகோ நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் 20 வயது வாலிபன் ஒருவன் வந்து படுத்தான். பெயர் வால்டர் நோயல். மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான கிரெனடாவைச் சேர்ந்தவன். பல் டாக்டர் படிப்புக்காக வந்தவன். இருமல், காய்ச்சல், களைப்பு, ரத்த சோகை.

அயர்ன்ஸ் என்ற பயிற்சி டாக்டர் அவனுடைய ரத்தத்தில் ஒரு துளி எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். ரத்தத்தின் சிவப்பு அணு அதிரசம் தட்டியது போல் வட்டமாக இருக்க வேண்டும். நோயலின் ரத்தத்தில் பல அணுக்கள் கதிர் அரிவாள் மாதிரி வளைந்து கிடந்தன! பெரிய டாக்டரான ஹெரிக், 1910-ல் இதைப் பத்திரிகையில் எழுதினார். நோயல் படிப்பை முடித்து ஊர் திரும்பி, பல் வைத்தியம் செய்தார். 1916-ல் நுரையீரல் காய்ச்சலில் காலமானார். அப்போது வயது 32.

அணு ஏன் வளைகிறது?

சிவப்பு அணுவுக்குள் ஹீமோகுளோபின் என்ற பொருள் நிறைந்திருக்கிறது. நாம் இழுக்கும் மூச்சிலிருந்து பிராண வாயுவை ஏற்றிக்கொண்டு உடம்பெங்கும் கொண்டுபோய் இறக்குவது அதுதான். இந்த நோயில், பிராண வாயுவை இறக்கியதும் ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று ஒட்டிக் கம்பி மாதிரி ஆகிவிடுகிறது. உள்ளே கம்பி நீண்டால் அணு வளையாமல் என்ன செய்யும்?

வட்ட அணு நெளிந்து கொடுத்து மெல்லிய குழாயில் போய்விடும். அரிவாள் அணு போகாது. சிக்கிக்கொள்ளும். பின்னால் வருவதும் சிக்கும். வாய்க்காலில் முள் அடைத்த மாதிரி ஆகிவிடும். அந்த இடத்தில் ரத்தம் நின்றுபோகும். அப்போது வலி உண்டாகும். சாதாரண வலி அல்ல. எலும்பை உள்ளிருந்து முறிப்பது போன்ற வலி. முதுகு, கை, கால், நெஞ்சு எங்கும் வரும். நல்ல சிவப்பு அணு 120 நாள் உயிரோடு இருக்கும். அரிவாள் அணுவின் ஆயுள் 10 முதல் 20 நாள்தான். அதனால் ரத்த சோகை. கண் மஞ்சளிக்கும். அதைப் பார்த்து மஞ்சட்காமாலை என்று வேர் கட்டிக்கொண்டிருப்பவர்களும் உண்டு.

பிறந்த குழந்தைக்கு நோய் தெரியாது. ஆறு மாதம் போனதும் கையும் காலும் வீங்கும். குழந்தை வீறிட்டு அழும். ஏன் அழுகிறது என்று தாய்க்கு விளங்காது.

ஒரே ஓர் எழுத்துப் பிழை

அமெரிக்காவில் லைனஸ் பாலிங் என்ற பெரிய ரசாயன விஞ்ஞானி இருந்தார். 1945-ல் ரயிலில் போகும்போது, கூட வந்த ஒரு டாக்டர் பேச்சுவாக்கில் இந்த அரிவாள் அணுவைப் பற்றிச் சொன்னார். குற்றம் அணுவில் இல்லை, ஹீமோகுளோபினில் இருக்கிறது என்று பாலிங்குக்குத் தோன்றியது. 1949-ல் அவரும் அவருடைய சகாக்களும் ஹீமோகுளோபினுக்குள் மின்சாரத்தைச் செலுத்திப் பார்த்தார்கள். நோயாளியின் ஹீமோகுளோபின் ஒரு மாதிரி நகர்ந்தது. நல்லவருடையது வேறு மாதிரி நகர்ந்தது. நோயாளியின் பெற்றோரைப் போன்றவர்களிடம் இரண்டும் கலந்து இருந்தது!

ஆக, வெளிக்குத் திடகாத்திரமாக இருக்கிற ஒருவரிடமும் பாதி ரத்தத்தில் அந்தக் குறை இருக்கலாம்.

1956-ல் கேம்பிரிட்ஜில் இங்கிரம் என்ற இளைஞர் இன்னும் உள்ளே போனார். ஹீமோகுளோபினில் ஒரு சங்கிலி இருக்கிறது. அதில் 146 கண்ணிகள். ஆறாவது கண்ணி மட்டும் மாறியிருந்தது. மற்ற 145-ம் சரி!

அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பவர் 'மருந்து' என்று கோக்க வேண்டிய இடத்தில், முதல் எழுத்தை மாற்றி 'விருந்து' என்று கோத்துவிட்டால் என்ன ஆகும்? ஓர் எழுத்துத்தான். ஆனால் படிப்பவர் இலை போட்டு உட்கார்ந்துவிடுவார். ஜீனில் நேர்ந்திருப்பதும் அந்த அளவு பிழைதான்.

மலைக்கு வந்த சோதனை

இது ஆப்பிரிக்க மக்களுக்கும் அவர்கள் வம்சத்தில் வந்தவர்களுக்கும் மட்டுமே வரும் நோய் என்று உலகம் நினைத்திருந்தது. 1952-ல் அந்த நினைப்பு பொய்யாயிற்று. ஹெர்மன் லேமன் என்ற விஞ்ஞானியும் மேரி கட்புஷ் என்ற பெண் விஞ்ஞானியும் சேர்ந்து இங்கிலாந்து மருத்துவப் பத்திரிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நீலகிரியில் இருளர் முதலிய பழங்குடி மக்களின் ரத்தத்தில் அரிவாள் அணு இருக்கிறது என்பதே செய்தி!

பிற்பாடு மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், குஜராத், ஒடிசா என்று பல ராஜ்யங்களில் பழங்குடி மக்களிடையே இது கண்டுபிடிக்கப்பட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த நோயா? அல்ல. அரேபிய நாட்டிலும் இந்தியாவிலும் உள்ள அரிவாள் ஜீனின் அக்கம் பக்கத்தை ஆராய்ந்தபோது, இது தனியாகத் தோன்றியது என்று தெரிந்தது. ஒரே எழுத்துப் பிழை, வேறு வேறு அச்சுக்கூடத்தில்!

இவ்வளவு கெட்ட ஜீன் ஏன் அழிந்துபோகவில்லை? கென்யாவில் வளர்ந்த ஆலிசன் என்ற டாக்டர் 1954-ல் இதற்குப் பதில் சொன்னார். இந்த ஜீன் ஒன்று மட்டும் இருந்தால், உயிரைக் குடிக்கும் மலேரியா அவ்வளவாக அண்டாது. வயநாட்டுக் காட்டுக் காய்ச்சல் என்றால் ஒரு காலத்தில் வெள்ளைக்காரத் துரைகளே நடுங்கினார்கள். அந்தக் காட்டில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களுக்கு இந்த ஜீன் கவசமாக இருந்தது. ஒன்று இருந்தால் கவசம். இரண்டு சேர்ந்தால் கத்தி.

சோழிக் கணக்கு

இரண்டு எப்படிச் சேருகிறது?

தகப்பனிடம் ஒரு நல்ல ஜீன், ஓர் அரிவாள் ஜீன். தாயிடமும் அப்படியே. இருவருக்கும் நோய் இல்லை. பிள்ளைக்கு இருவரும் ஒவ்வொரு ஜீன் கொடுக்கிறார்கள். ஆளுக்கு ஒரு சோழியை உருட்டுவது போலத்தான். இரண்டு சோழியும் குப்புற விழுந்தால் பிள்ளைக்கு நோய். நாலில் ஒரு பங்கு வாய்ப்பு.

'மூன்று பிள்ளைகளும் நன்றாகப் பிறந்துவிட்டன, நாலாவதுக்குத்தான் வரும்' என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். தப்பு. ஒவ்வொரு பிரசவத்திலும் சோழி புதிதாக உருளுகிறது. முன்னால் விழுந்தது அதற்கு ஞாபகம் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குழந்தைக்குச் சீக்கு என்றால் மருமகள் தலையில் பழி போடுவது நம் வீடுகளில் வழக்கம். 'இவள் கொண்டுவந்த ரத்தம்' என்பார்கள். இந்த நோய்க்கு இரண்டு சோழி வேண்டும். ஒன்று நிச்சயமாக மகனுடையது! ரத்தத்தில் அரிவாள் ஜீன் ஒன்று இருக்கிறது என்பதற்காக ஒரு பெண்ணைத் தள்ளிவைப்பது மூடத்தனம். நல்ல ஜீன் இரண்டும் உள்ளவரை அவள் மணந்தால் எந்தப் பிள்ளைக்கும் இந்த நோய் வராது. கல்யாணத்துக்கு முன் இருவரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்வது இதற்காகத்தான். வயலில் செடியைப் பிடுங்கி எறிகிற காரியமல்ல இது.

குழந்தைப் பருவ ரத்தம்

பிறந்த குழந்தைக்கு ஏன் நோய் தெரிவதில்லை? வயிற்றில் இருக்கும் சிசுவுக்கு வேறு வகை ஹீமோகுளோபின். அது கம்பி ஆவதில்லை. பிறந்து சில மாதத்தில் உடம்பு அதை நிறுத்திவிடுகிறது. அதை நிறுத்தாமல் இருக்கச் செய்ய முடிந்தால்?

டாக்டர்கள் அந்த வழியில்தான் போனார்கள். ஹைட்ராக்ஸியூரியா என்ற மருந்து சிசுவின் ஹீமோகுளோபினை மறுபடி கொஞ்சம் சுரக்க வைக்கிறது. இதை உட்கொண்டவர்களுக்கு வலி வருவது குறைகிறது என்று 1995-ல் அமெரிக்காவில் நடந்த பெரிய சோதனையில் நிரூபணம் ஆயிற்று. அதற்கு முன்பே, 1986-ல், தினம் இரண்டு வேளை பென்சிலின் கொடுத்தால் இந்தக் குழந்தைகளைக் கடுங்காய்ச்சலிலிருந்து காப்பாற்றலாம் என்று கண்டிருந்தார்கள்.

2023-ல் ஓர் அதிசயம் நடந்தது. நோயாளியின் ரத்தத்தை உண்டாக்கும் மூல அணுக்களை வெளியே எடுத்து, சிசுவின் ஹீமோகுளோபினுக்குப் பூட்டுப் போட்ட ஜீனைக் கத்தரித்து, திரும்ப உடம்பில் செலுத்தும் சிகிச்சைக்கு முதலில் இங்கிலாந்தும், பிறகு அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன. விக்டோரியா கிரே என்ற அமெரிக்கப் பெண்மணி 2019-லேயே சோதனையாக இதைச் செய்துகொண்டார். அவரைப் படாதபாடு படுத்திய வலி நின்றுவிட்டது.

விலை? அமெரிக்காவில் ஒருவருக்கு 22 லட்சம் டாலர் என்று வைத்தார்கள். அன்றைய மதிப்பில் நம் பணத்தில் சுமார் 18 கோடி ரூபாய்! தேயிலை பறிக்கும் குடும்பம் அதை நினைத்துப் பார்க்கவும் முடியாது. இந்திய விஞ்ஞானிகள் குறைந்த செலவில் இதே வேலையைச் செய்யும் வழியைத் தேடுகிறார்கள். ஜீன் சிகிச்சை நம் ஊருக்குப் புதிது அல்ல. ரத்தம் உறையாத வேறொரு பரம்பரை நோய்க்கு வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் 5 பேருக்கு ஜீன் சிகிச்சை செய்து, 2024-ல் அதன் பலனை வெளியிட்டார்கள்.

அரசாங்கம் 2023 ஜூலை 1-ந் தேதி அரிவாள் சோகை ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. தமிழ்நாடு உட்பட 17 ராஜ்யங்களில், 40 வயதுக்கு உட்பட்ட 7 கோடிப் பேரைச் சோதிப்பது திட்டம். 2047-க்குள் ஒழிக்க வேண்டும் என்பது கெடு. சோதித்து அட்டை கொடுத்தால் மட்டும் போதாது. மாத்திரை மாதா மாதம் மலை ஏறி வரவேண்டும். கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை போன்ற சில இடங்களில் அந்த வேலை முன்பே நடந்து வருகிறது.

இந்தக் குழந்தைகளுக்குக் குளிர் ஆகாது. தாகத்தோடு இருக்கக் கூடாது. காய்ச்சல் வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பள்ளிக்கூடம் புறப்படும்போது பையில் ஒரு பாட்டில் தண்ணீர். மார்கழி, தை என்றால் மேலே ஒரு கம்பளிச் சட்டை. வகுப்பில் அடிக்கடி தண்ணீர் குடிக்க விடும்படி வாத்தியாரிடம் ஒரு வார்த்தை.